ஆக்குப்புரைக்குள் ஓர் எட்டு!

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மணமேடையைப் பார்ப்பார்கள், மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள், யார் என்ன சேலை கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். இந்தக் கோடையில் நான் பார்த்தது மண்டபத்தின் பின்கதவுக்கு அந்தப் பக்கம்! தகரக் கொட்டகை, ஆள் உயரத்துக்கு விறகு, கண்ணைக் கரிக்கும் புகை, வேட்டியை மடித்துக்கட்டி வியர்வை சொட்டச் சொட்ட நிற்கிற மனிதர்கள். எங்கள் நாகர்கோவில் பக்கம் இந்தச் சமையல் கொட்டகைக்கு ஆக்குப்புரை என்று பேர். சின்ன வயசில் அங்கே தலையைக் காட்டினாலே, "பிள்ளையளுக்கு இங்க என்ன சோலி? போய் முன்னால இரி!" என்று விரட்டிவிடுவார்கள். இந்தத் தடவை தவசிப்பிள்ளையே, அதாவது தலைமைச் சமையல்காரரே, கூப்பிட்டு உள்ளே விட்டார். இதைத் தனியாக ரசிக்க மனசு வருமா? வாங்க, சேர்ந்தே போவோம். செருப்பை மட்டும் வெளியில் விட்டுடுங்க.

பெரியப்பாவின் பேத்திக்கு வைகாசியில் முகூர்த்தம். மாப்பிள்ளை திருநெல்வேலிக்காரர். பள்ளிக்கூட லீவும் கூட வந்ததால், சென்னை, கோவை, பெங்களூர் என்று சிதறிக் கிடந்த குடும்பம் முழுக்க மே மாதத்திலேயே ஊர் திரும்பிவிட்டது. எழும்பூரில் சாயங்காலம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறினால், இருட்டு விலகுகிற நேரத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியாக முகத்தில் அறையும். முப்பந்தல் காற்றாலைகள் தெரிந்ததுமே பெட்டியில் பாதிப் பேர் எழுந்து பைகளை இறக்கத் தொடங்கிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் கூடத்தில் பாய், மாடியில் பாய், திண்ணையில் பாய். குளிக்க வரிசை. கொடியில் எந்தத் துண்டு யாருடையது என்று யாருக்கும் தெரியாது. எடுத்துத் துவட்டிக்கொள்ள வேண்டியதுதான்!

கல்யாணம் விளிக்கிற வேலை எங்கள் தலையில் விழுந்தது. அது வேலையா என்ன, விருந்து! எங்கள் பக்கம் அழைப்பிதழ் கொடுக்கப் போன வீட்டில் கை நனைக்காமல் திரும்பிவிட முடியுமா? சுசீந்திரம் தேர் வீதி மாமி வீட்டில் ஆப்பம். தக்கலையில் புட்டும் பயறும் பப்படமும். ஈத்தாமொழி மாமா வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகுச் சம்மந்தியும், கூடவே குளச்சலில் இருந்து அன்று காலை வந்த சாளைக் கறியும். பெரியவர்கள் முன்கூடத்தில் குங்குமச் சிமிழோடு உட்கார்ந்து நலம் விசாரித்துக் கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டு, நான் எல்லா வீட்டிலும் நேரே அடுக்களைக்குப் போய்விட்டேன். பேச்சின் ருசியெல்லாம் அங்கேதான் இருக்கிறது. யார் யாரோடு பேசுவதில்லை, எந்தச் சித்தப்பாவை முதல் பந்தியில் உட்கார வைக்க வேண்டும், எந்த மயினிக்கு அழைப்பிதழ் தபாலில் போனால் கோபம் வரும், அத்தனையும் தேங்காய் துருவும் சத்தத்துக்கு நடுவில் காதில் விழுந்தது. புறப்படும்போது ஈத்தாமொழி மாமா தோப்பைக் கை காட்டி, "தேங்காயைப் பத்தி நீங்க யோசிக்கவே வேண்டாம். லோடு என் சோலி" என்றார். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்தத் தேங்காயின் பால் என்னென்ன செய்யப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது!

வீட்டுப் பின்கட்டில் ஒரு வாரத்துக்கு முன்பே பலகாரம் தொடங்கிவிட்டது. அச்சுமுறுக்கு, மடக்கு எல்லாம் உண்டு, ஆனால் ராணி முந்திரிக்கொத்துதான். சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்து, கரகரப்பாகப் பொடித்து, பாகில் கிளறி, சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும். ஆறிப்போனால் உருண்டை பிடிக்காது. கொதிப்பிலே தொட்டால் உள்ளங்கை சிவந்துவிடும். பெரியம்மா உள்ளங்கையை ஊதிக்கொண்டே உருட்டினார். பிறகு மஞ்சள் சேர்த்த அரிசிமாவுக் கரைசலில் முக்கி, மூன்று உருண்டைகளை விரல் நுனியில் ஒன்றாக ஒட்டி எண்ணெயில் இறக்கினார். எண்ணெயில் விழுகிற அந்தக் கணத்தில் கொத்து பிரிந்துவிடக்கூடாது. பிரிந்தால் சீருக்கு ஆகாது. பிரிந்தவை யாருக்கு? அடுப்பைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருந்த பொடிசுகளுக்கு! "ஆச்சி, இதும் பிரியும்போல இருக்கு" என்று ஒரு வாண்டு ஆரூடம் சொன்னது. பெரியம்மா அதைப் பார்த்து ஒரு கொத்தை வேண்டுமென்றே பிரித்துப் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் தோவாளைப் பூச்சந்தை, வடசேரி கனகமூலம் சந்தை என்று ஓட்டமாக ஓடியதைத் தாண்டி, நேரே ராத்திரிக்குப் போய்விடுவோம். காய் வெட்டுகிற ராத்திரி!

மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தார்ப்பாய் விரித்து, நடுவில் சேனை, ஏத்தங்காய், தடியங்காய், புடலை, முருங்கை, மாங்காய் எல்லாம் கொட்டிக் கிடந்தன. சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், பெரியப்பாவோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் என்று ஆளாளுக்குக் கத்தியையும் அரிவாள்மணையையும் கையோடு கொண்டுவந்து விட்டார்கள். இதற்குக் கூலி கிடையாது. கட்டன்சாயாவும் ரசவடையும்தான். தவசிப்பிள்ளை வந்தார். மெலிந்த உடம்பு, தோளில் தோர்த்து, காதில் செருகிய பென்சில். ஒரு சேனைத் துண்டை எடுத்தார், விரல் நீளத்துக்கு நாலு வெட்டு வெட்டினார், அதில் ஒன்றை வாழை இலைக்கீற்றில் வைத்து நடுவில் வைத்தார். "அவியலுக்கு இதான் அளவு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்." அவ்வளவுதான், போய்விட்டார். பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்த மாமா ஒருவர் அந்தத் துண்டை அடிக்கொருதரம் எடுத்துத் தான் வெட்டியதோடு ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்!

சேனை வெட்டுகிறவர்கள் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார்கள், அரிப்பு எடுக்காமல் இருக்க. ஏத்தங்காய்க் கூட்டத்துக்கு விரலெல்லாம் கறை பிடித்துக் கறுத்துவிட்டது. ராத்திரி பத்து மணி சுமாருக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து இறங்கியது. இளவட்டப் பையன்கள் நாலைந்து பேர், "நாங்களும் வெட்டுதோம்" என்று வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் புடலங்காயைப் பொடிப்பொடியாக நறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். அவியலுக்கு ஆகவே ஆகாது. யாரும் குறை சொல்லவில்லை. பெண்ணின் சித்தி ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, "துவரனுக்கு இப்பிடித்தான் வேணும் தம்பி, எல்லாத்தையும் நீங்களே வெட்டிருங்க" என்றார். பையனுக்கு அன்று ராத்திரி முழுக்க அதே வேலை, முகத்தில் அப்படி ஒரு பெருமை! இரண்டு குடும்பங்கள் மேடையில் மாலை மாற்றித்தான் ஒன்றாகின்றன என்று யார் சொன்னது? என்னைக் கேட்டால், அந்தத் தார்ப்பாயில் மாங்காய்த் தோல்களுக்கு நடுவில், முந்தின ராத்திரியே ஆகிவிட்டது என்பேன்.

இப்போது மணி மூன்று. வெளியே ஊர் தூங்குகிறது. உள்ளே வாங்க.

கோட்டை அடுப்பில் கற்பூரம் கொளுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். விறகு பிடித்துக்கொண்டதும் கொட்டகை முழுக்க ஆரஞ்சு வெளிச்சம். சாமான்களைப் பார்க்க வேண்டுமே! உருளி, வார்ப்பு, குழந்தைகள் ஒளிந்து விளையாடலாம் என்கிற அளவில் அண்டாக்கள், தோணித் துடுப்பு நீளத்துக்கு மரச் சட்டுவம், சுவரில் சாய்த்த கண்ணாப்பைகள். மூங்கில் கம்பில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கவிட்ட கைபேசியில் பழைய டி.எம்.எஸ். பாட்டு ஓடுகிறது. ஒரு மூலையில் கலவறை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு சித்தப்பா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு படி சர்க்கரை வேண்டுமென்றாலும் அவர் குறித்துக்கொண்டுதான் கொடுப்பார்.

முதல் வேலை பால். ஈத்தாமொழித் தேங்காயை இயந்திரத்தில் துருவி அரைத்து, வெள்ளைத் துணியில் போட்டு, இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று முறுக்குகிறார்கள். கெட்டியாக வழிகிறதே, அது ஒண்ணாம்பால். தண்ணீர் விட்டு மறுபடி அரைத்துப் பிழிந்தால் ரண்டாம்பால். அதற்கும் பிறகு மூணாம்பால். மூன்றும் தனித்தனிப் பாத்திரத்தில். ஒண்ணாம்பாலுக்கு மட்டும் ஈரத் தோர்த்து மூடி, பக்கத்தில் ஒரு ஆள் காவல்! அடைப்பிரதமனுக்கு அடை மூணாம்பாலில் வேகும், சர்க்கரைப் பாகோடு ரண்டாம்பாலில் குறுகும், ஒண்ணாம்பால் கடைசியில்தான் சேரும். சேர்த்தபிறகு கொதிக்கவிட்டால் திரிந்து போகும். அதனால் அந்த ஐந்து நிமிஷத்துக்குத் தவசிப்பிள்ளை யாரோடும் பேசுவதில்லை. விறகை இழுத்துப் போடச் சொல்வதுகூடக் கண் ஜாடைதான். பால் விழுந்து, சுக்கும் ஏலமும் விழுந்து, நெய்யில் சிவந்த தேங்காய்க் கொத்து விழுந்து, துடுப்பை ஒருதரம் சுழற்றி நிறுத்தினாரா, கொட்டகையில் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். நானும்தான்!

பிரதமன் கொதித்துக்கொண்டிருந்தபோதே பின்கதவைத் திறந்துகொண்டு அத்தான் வந்திருந்தார், பெண்ணின் அப்பா. கண் சிவந்திருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை போல. கவிழ்த்துப் போட்ட அண்டா மேல் உட்கார்ந்தார். என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உதவிக்கு நின்ற பையன் ஒரு கட்டன்சாயாவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். தவசிப்பிள்ளை வேலையை நிறுத்தாமலே, வெந்த அடையில் ஒரு விள்ளல் எடுத்து இலைத்துண்டில் வைத்து நீட்டினார். "இத நாக்குல வச்சுப் பாரும். பதம் சரியா சொல்லும்." அத்தான் மென்றார். "நல்லாருக்கு வேய்" என்றார். "அப்பம் போய் ஒரு மணிக்கூர் கெடந்து உறங்கும். இங்க நான் இருக்கேம்லா." அத்தான் எழுந்து போய்விட்டார். முப்பது வருஷமாக எத்தனை பெண்களின் அப்பாக்களை இந்த மனிதர் இப்படித் தூங்க அனுப்பியிருப்பாரோ!

விடிந்ததும் வேகம் இரட்டிப்பு. ஒரு பக்கம் எரிசேரிக்குத் தேங்காய் வறுபடுகிறது, மிளகு வாசம் மூக்கைத் துளைக்கிறது. இன்னொரு பக்கம் சோறு வடிக்கிறார்கள். இரண்டு பேர் அண்டாவைச் சாய்க்க, கொதிக்கிற கஞ்சி வாய்க்காலில் ஓட, ஓலைப்பாய் மேல் விரித்த வெள்ளை வேட்டியில் சோறு மலையாகக் குவிகிறது. அவியலில் காய் வெந்து, அரைத்த தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் சேர்ந்து ஒரு கிளறு. அடுப்பிலிருந்து இறக்கியபிறகு பச்சைத் தேங்காய் எண்ணெயை ஊற்றி, கறிவேப்பிலையைக் கை நிறைய உருவிப் போட்டு மூடிவிட்டார். "இனி யாரும் தொறக்கப்படாது." அந்த மணம் மூடியையும் மீறி வந்து வயிற்றைக் கிள்ளுகிறது. அவியலும் எரிசேரியும் எங்கள் ஊர்க் கல்யாண இலையில் எப்படி வந்தன என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல்: 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் மலையாளத்து மண்ணோடு ஒரே அரசின் கீழ் இருந்த ஊர். எல்லைக்கோடு நகர்ந்தது, வார்ப்பு நகரவில்லை.

திடீரென்று சுவருக்கு அந்தப் பக்கம் கெட்டிமேளம்! நாதஸ்வரமும் தவிலும் ஒரே மூச்சில் எகிறுகின்றன. தாலி ஏறுகிறது. நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து மேடை தெரியாது. தவசிப்பிள்ளை துடுப்பை வைத்துவிட்டு, மூட்டையிலிருந்து ஒரு பிடி பச்சரிசி எடுத்தார். உதவிக்கு நின்றவர்கள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காமார், கலவறைச் சித்தப்பா, எல்லாரும் எடுத்தார்கள். மேடை இருக்கிற திசையைப் பார்த்து, சுவரின் மேல் தூவினார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் யாருக்கும் தெரியாது, அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்தெல்லாம் வாழ்த்து விழுந்தது என்று. அடுத்த நொடி, "பப்படம்! பப்படத்துக்கு எண்ணெய் காயுது, யாருலே நிக்கது?" என்று சத்தம். எல்லாரும் பழையபடி ஓடினார்கள்.

பந்தி தொடங்கியது. இலையில் உப்பேரி, சர்க்கரைவரட்டி, இஞ்சிக்கறி, துவரன், கிச்சடி, அவியல், எரிசேரி என்று வரிசையாக விழ, சோற்றின் மேல் பருப்பும் நெய்யும். வெளியே பார்க்கிறவர்களுக்கு அது நிதானமான உபசாரம். உள்ளே? வாளிகள் மோதுகின்றன, "சாம்பார் மேக்க வரிசைக்கு!", "அவியல் வாளி எங்கலே போச்சு?" என்று குரல்கள் பறக்கின்றன. விளம்புகிற பையன்கள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள ஓடி வருகிறார்கள். பின்கதவைத் தாண்டும்போது தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்வாசலில் சிரித்த முகத்தோடு நுழைகிறார்கள். பிரதமன் நேராக இலையில் விழுகிறது. மட்டிப்பழத்தை உரித்துப் போட்டு, பப்படத்தை நொறுக்கிப் பிசைந்து அடிப்பதுதான் முறை. எங்கள் மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, நாங்கள் பிசைந்து சாப்பிடுவது அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முந்தி! அடுத்து போளியும் பால்பாயசமும். எல்லாம் முடிந்து மோர்.

முதல் பந்தி எழுந்ததும் தவசிப்பிள்ளை எங்கே போனார் தெரியுமா? எச்சில் இலை போடுகிற இடத்துக்கு. தோர்த்தால் நெற்றியைத் துடைத்தபடி, இலைகளை உற்றுப் பார்த்துக்கொண்டே நடந்தார். "வாய் நல்லாருக்குன்னு சொல்லும் மக்ளே. இலைதான் நிசத்தச் சொல்லும்." சில இலைகளில் கிச்சடி மிஞ்சியிருந்தது. திரும்பி வந்து கொஞ்சம் உப்பும் தயிரும் சேர்த்தார். இரண்டாம் பந்தி இலைகளில் கிச்சடி இருந்த இடம் துடைத்து வைத்திருந்தது. நான் போய்ப் பார்த்தேனே!

ஆக்கியவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மணி மூன்றரை. அவர்களுக்கு இலை போட்டு விளம்புவது பெரியப்பா. இது அந்த வீட்டு வழக்கம், வேறு யாரையும் விடமாட்டார். பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து விளம்பினார். தவசிப்பிள்ளை பாயசம் வேண்டாம் என்று கையை மறித்துவிட்டார். ராத்திரி முழுக்க வாசம் பிடித்தே வயிறு நிரம்பிவிட்டதாம். ரசமும் சோறும், நார்த்தங்காய் ஊறுகாயும். அவ்வளவுதான் அவருக்கு. "அண்ணாச்சி, ஒரு கரண்டி பிரதமனாவது" என்று பெரியப்பா விடாமல் நிற்க, உள்ளங்கையைக் குவித்து ஒரு வாய் வாங்கிக்கொண்டார்.

கதை இன்னும் முடியவில்லை. திருநெல்வேலிச் சம்பந்தம் என்றால் மறுவீட்டுச் சொதி இல்லாமலா? அது பெண் வீட்டார் போட வேண்டிய விருந்து. இடம் மட்டும் மாப்பிள்ளை ஊர் என்று பேசி வைத்திருந்தார்கள். மறுநாள் விடிகாலையில் எங்கள் வேன் முன்னால், பாத்திரமும் தேங்காயும் ஏற்றிய மினி லாரி பின்னால். ஆரல்வாய்மொழி வளைவுகளில் வார்ப்புகள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது. புதுப்பெண் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து, தலைப்பூ வாடாமல், பெரியம்மா கட்டிக்கொடுத்த முந்திரிக்கொத்தைப் பிரித்துத் தின்றுகொண்டு வந்தாள்.

திருநெல்வேலி ஆக்குப்புரையிலும் எனக்கு இடம் கிடைத்தது! மறுபடி தேங்காய், மறுபடி துணியில் முறுக்கல், மறுபடி மூன்று பால். இந்த முறை அதில் பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். பச்சைமிளகாய், இஞ்சிச்சாறு, இறக்கும்போது எலுமிச்சை. தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்காமல் இருக்கத் தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. மாப்பிள்ளையின் பெரியம்மா வாசலில் நின்று பார்த்தார். பிறகு ஓர் அடி உள்ளே. பிறகு இன்னும் ஓர் அடி. அவர் ஊர்ச் சொதியை நாகர்கோவில்காரர் வைக்கிறார், சும்மா இருக்க முடியுமா? தவசிப்பிள்ளை அதைக் கவனித்துவிட்டார். ஒரு கிண்ணத்தில் சொதியை ஊற்றி, "வாங்க, நீங்க சொல்லித்தான் எறக்கணும்" என்று நீட்டினார். அம்மாள் ஊதிக் குடித்தார். கண்ணை மூடினார். "எலுமிச்சம்பழம் இன்னும் ரெண்டு பிழியணும், அண்ணாச்சி." உடனே பிழிந்தார். அம்மாள் மறுபடி குடித்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உருளைக்கிழங்குக் காரக்கறியைக் கிளற நின்றுவிட்டார்!

பந்தியில் சொதி மூன்று தடவை சுற்றி வந்தது. எல்லாரும் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெரியம்மா ஒரு தட்டில் தாம்பூலமும் முன்பணமும் வைத்துக்கொண்டு நேரே பின்பக்கம் வந்தார்.

"எங்க சின்னவனுக்கு ஆவணில வச்சிருக்கோம். நீங்கதான் வந்து பொங்கிப் போடணும்."

தவசிப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார். "வாறேன். ஆனா தேங்காய் மட்டும் நீங்க வாங்கப்படாது. ஈத்தாமொழில இருந்து நான் ஏத்திக்கிட்டு வந்துருதேன்."

"அதெல்லாம் சரி. தாமிரபரணித் தண்ணி நாங்கதான் தருவோம், அதுக்கு வழி பண்ணிட்டு வராதீங்க!"